உளி தீட்ட எது வாங்கலாம்: எண்ணெய்க்கல்லா, வைரத் தகடா, வாட்டர் பேப்பரா?

நிலைவாசல்:
வணக்கம். 6, 12, 18, 25 மி.மீ. என்று நாலு உளி இருக்கிறது. 12 மட்டும் கொல்லுப்பட்டறையில் அடித்தது. மற்ற மூன்றும் கடை உளி, குரோம் வெனேடியம் என்று முத்திரை போட்டிருக்கிறது. வேலை பெரும்பாலும் தேக்கிலும் வேம்பிலும்தான்: ஜன்னல் சட்டம், கழுந்துத் துளை, கீல் பதிக்கக் கொத்துவது. இப்போது தீட்டுவது ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் நைஸுமாக இருக்கும் 8 இன்ச் கார்பரண்டம் கல்லில். அதில் நடுவில் குழி விழுந்திருக்கிறது. குறுக்கே அறுத்த முகத்தைச் சீவினால் நார் நசுங்கிக் கிழிகிறது, வழவழப்பாக வரவில்லை.

4,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். வைரத் தகடு, ஜப்பான் நீர்க்கல், கண்ணாடி மேல் வாட்டர் பேப்பர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்குவது? கோணம் பிடிக்க கைடு அவசியமா? பெஞ்ச் கிரைண்டர் இல்லை.

கூர்முனை:
கிரைண்டர் இல்லாமலே முடியும். எதை வாங்கினாலும் மூன்று வேலை நடந்தாக வேண்டும். சரிவை (உளி நுனியின் சாய்ந்த முகத்தை) ஒரே கோணத்தில் தேய்த்து வாய் (வெட்டும் விளிம்பு) வரை கொண்டுபோக வேண்டும். பின்பக்கம் முழு அகலத்துக்கும் பிசிறு, அதாவது வாயில் மடிந்து நிற்கும் மெல்லிய உலோக விளிம்பு, எழ வேண்டும். அந்தப் பிசிறை ஒடித்து இழுக்காமல் தேய்த்தே எடுக்க வேண்டும். உங்கள் உளி நாரை நசுக்குகிறது என்றால் முதல் வேலையே முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். குழி விழுந்த கல்லில் சரிவு உருண்டுபோகும். நீங்கள் தேய்ப்பது சரிவின் நடுவை, வாயை அல்ல.

உங்கள் பட்ஜெட்டுக்கு நான் சொல்வது: 400, 1000 என்று இரண்டு பக்கமும் உள்ள ஒரு வைரத் தகடு, பக்கவாட்டில் பிடிக்கும் சாதாரண ஹோனிங் கைடு ஒன்று, தட்டையான பலகையில் ஒட்டிய தோல், ஒரு பச்சைக் கட்டி. கட்டி பஃபிங் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், ஸ்டீல் பாத்திரம் மெருகேற்றுவது அதில்தான். சிவப்புக் கட்டி தங்கத்துக்கும் பித்தளைக்கும் உரியது, உளிக்கு மெதுவாகத்தான் வேலை செய்யும்.

வைரத் தகட்டில் அழுத்தித் தேய்க்கக் கூடாது. நிக்கல் பூச்சில் பதிந்திருக்கும் துகள் பிய்ந்து வந்துவிடும், வந்த இடம் வழுக்கை. தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து தெளித்துக்கொண்டால் போதும். புதுத் தகடு முதலில் எண்ணைவிடக் கரடாகக் கீறும், சில உளி தீட்டிய பின் அடங்கும்.

எண்ணெய்க்கல்:
கையில் இருக்கிற கல்லைத் தூக்கிப் போடச் சொல்ல வேண்டாம் ஐயா. சிலிக்கன் கார்பைடு கல், வேகமாக வெட்டும். குழியை எடுத்துவிட்டால் அதுவே கரடு வேலைக்கு உதவும்.

குழி எடுக்கும் முறை: 8 மி.மீ.க்குக் குறையாத கண்ணாடித் துண்டு அல்லது பாலிஷ் கிரானைட் துண்டு ஒன்றைச் சமதளத்தில் வையுங்கள். 80ஆம் நம்பர் சிலிக்கன் கார்பைடு பொடி ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் தண்ணீர். பொடி கிடைக்காவிட்டால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வால்வு தேய்க்கும் கரடு பேஸ்ட் வாங்கலாம். கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டு, எட்டு வடிவத்தில் தேயுங்கள். ஓரக் கோடுகள் முதலில் அழியும், நடுக்கோடு கடைசியில் அழியும். அது அழிந்ததும் நிறுத்துங்கள். நடுவே ஒருமுறை கல்லைத் திருப்பிப் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து தேயாது. கண்ணாடியின் முகம் கீறி மங்கிவிடும், அதை இதற்கென்றே ஒதுக்கிவையுங்கள்.

எண்ணெய் என்றால் தையல் மிஷின் எண்ணெய். மண்ணெண்ணெய் பாதிக்குப் பாதி கலந்தால் நைஸாக ஓடும். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லையென்றால் டர்பன்டைன். நல்லெண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டி துவாரத்தை அடைத்துவிடும். தேங்காயெண்ணெய் மார்கழியில் உறையும், அழுக்கோடு சேர்ந்து கல்லில் நிற்கும். ஏற்கெனவே அடைத்துப் பளபளவென்று ஆகிவிட்ட கல்லை டர்பன்டைனில் ஊறவைத்து நைலான் பிரஷால் தேய்த்தால் திரும்ப வெட்டும்.

கைடு வேண்டாம் என்பதுதான் என் பக்கம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீர்க்கல்:
வேகமும் மெருகும் சேர்ந்து வேண்டுமென்றால் 1000/6000 கூட்டு நீர்க்கல். 6000இல் எடுத்த வாய்க்குத் தோல் கூட அவசியமில்லை. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்து வாங்குங்கள். பழைய வகைக் கல் பத்து நிமிடமாவது நீரில் ஊற வேண்டும். செராமிக் வகைக்கு மேலே தெளித்தால் போதும், அதை ஊறப்போட்டே வைத்தால் விரிசல் விடும். அடுத்தது, நீர்க்கல் சீக்கிரம் தேயும். இரண்டு மூன்று உளிக்கு ஒருமுறை தளம் பார்க்க வேண்டும், குறிப்பாக 6 மி.மீ. உளி கல்லில் வாய்க்கால் வெட்டிவிடும். நம் வெயிலில் தண்ணீரும் சட்டென்று இழுக்கும், ஸ்பிரே பாட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தண்ணீர் சொட்டும் இடம் வேலை மேசை என்றால் இது வேண்டாம். தேக்குத்தூளும் ஈரமும் சேர்ந்தால் மேசை முழுக்கக் கறை.

தேக்குத்தூள்:
நம்பர் விஷயத்தில் பலரும் குழம்புவதால் இதைச் சொல்லிவிடுகிறேன். வாட்டர் பேப்பரில் ‘பி’ போட்டு வருவது ஐரோப்பிய அளவு. ஜப்பான் கல்லில் வருவது வேறு அளவு. வைரத் தகட்டில் வருவது பெரும்பாலும் சல்லடை அளவு. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கக் கூடாது, துகள் எத்தனை மைக்ரான் என்றுதான் பார்க்க வேண்டும்.

பி400 பேப்பர் 35 மைக்ரான்
பி1000 பேப்பர் 18 மைக்ரான்
பி2000 பேப்பர் 10 மைக்ரான்
ஜப்பான் 1000 கல் சுமார் 11.5 மைக்ரான்
ஜப்பான் 6000 கல் சுமார் 2 மைக்ரான்
வைரம் 325 சல்லடை 45, 600 சல்லடை 25, 1200 சல்லடை 9 மைக்ரான்

அதாவது பி2000 பேப்பரில் முடித்தவர் ஜப்பான் 1000 கல்லில்தான் நிற்கிறார். ‘2000 வரை போயும் கூர் வரலை’ என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். அதற்கு மேல் தோலும் பச்சைக் கட்டியும் கட்டாயம். அதிலுள்ள குரோமியம் ஆக்சைடு அரை மைக்ரான் அளவு. மலிவான தகட்டில் ‘3000’ என்று அச்சிட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். இரண்டு பக்கத்திலும் ஒரே உளியை நாலு இழுப்பு இழுத்து, கீறலை லென்ஸில் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

பேப்பர் முறை தொடங்க மலிவு. பி150, பி400, பி1000, பி2000 ஒவ்வொன்றிலும் ஒரு தாளை நாலாகக் கிழித்து, தண்ணீரால் கண்ணாடியில் ஒட்டவைத்தால் போதும். ஆனால் தேக்கில் வேலை செய்கிறவருக்கு அது நீண்ட நாளைக்கு ஆகாது. தேக்கில் சிலிகா உண்டு, எந்த எஃகின் வாயையும் அது சீக்கிரம் தின்னும். அடிக்கடி தீட்ட வேண்டியிருப்பவர் தாளாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தாள் ஓரம் தூக்கினால் வாய் உருளும், முன்னால் தள்ளினால் கிழியும். ஆகவே பேப்பரை முதல் முறை பின்பக்கம் தட்டையாக்கவும், பெரிய பொரிசல் எடுக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு, அன்றாடத்துக்குத் தகடு என்பது என் கணக்கு.

எண்ணெய்க்கல்:
> கைடு வேண்டாம் என்பதுதான் என் பக்கம்

காரணம் சொல்கிறேன். கைடில் மாட்டி, உளி வெளியே நிற்கும் நீட்டம் அளந்து, தீட்டி, கழற்றுவதற்குள் வேலை ஓட்டம் அறுந்துபோகும். அதனால் ஆள் தீட்டுவதைத் தள்ளிப்போடுவார். மொண்ணை உளியோடு வேலை செய்வதுதான் எல்லாவற்றிலும் மோசம், கொட்டாப்புளியை ஓங்கி அடிக்க வைக்கும், விரலும் போகும். கையால் தீட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்து துளைக்குத் திரும்பலாம்.

கை முறை: வலது கை பிடியில். இடது கையின் இரண்டு விரல் வாய்க்கு மிக அருகில், அழுத்தம் அங்கேதான். சரிவின் குதிகாலை, அதாவது பின் விளிம்பை, முதலில் கல்லில் அமர்த்தி, வாய் தொடும் வரை பிடியை மெல்லத் தூக்குங்கள். எண்ணெய் வாயின் முன்னால் ஒரு கோடாகப் பிதுங்கும், அதுதான் வாய் தொட்டதற்கு அடையாளம். அந்த நிலையில் மணிக்கட்டைப் பூட்டிவிட்டு, உடம்பு முன்பின் போகட்டும். முன்னே போகும்போது கை இறங்கினாலும் பரவாயில்லை, ஏறவே கூடாது. ஏறினால் கோணம் மொத்தையாகும்.

கூர்முனை:
பழகினவர் கைக்கு அது சரி அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சரியான வாய் எப்படி வெட்டும் என்று கை உணர வேண்டும், அதற்கு கைடு உத்தரவாதம். நீட்டத்தை ஒவ்வொரு முறையும் அளக்கவும் தேவையில்லை. ஒரு பலகையில் இரண்டு கட்டை அடித்து, விளிம்பிலிருந்து 40 மி.மீ., 30 மி.மீ. தூரம் வைத்துவிட்டால் உளியை முட்டவைத்துத் திருகு இறுக்குவதுதான் வேலை. பக்கவாட்டில் பிடிக்கும் கைடில் உளிக்கு 40 என்றால் 25 டிகிரி, 30 என்றால் 30 டிகிரி. இழைப்புளி வாய்க்கு இதே அளவு செல்லாது, அது மேல் பள்ளத்தில் உட்காரும். அதற்கு 50, 38.

நகல் கைடுகளில் ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கும். கோணமானி இல்லாமல் சோதிக்கலாம்: சரிவின் நீளத்தை அளந்து உளியின் கனத்தோடு ஒப்பிடுங்கள். கனத்தைப் போல 2 மடங்கு நீளம் என்றால் 30 டிகிரி, 2.37 மடங்கு என்றால் 25. 4 மி.மீ. கனமுள்ள உளியில் சரிவு 8 மி.மீ. இருந்தால் 30, 9.5 இருந்தால் 25, 7 இருந்தால் 35. ஸ்டீல் ஸ்கேல் போதும்.

முழுச் சரிவையும் 25இல் ஒருமுறை அமைத்துவிட்டு, வாயில் மட்டும் 30இல் ஒரு மெல்லிய இரண்டாம் சரிவு வையுங்கள். அடுத்தடுத்த தீட்டலில் அந்த ஒரு மி.மீ. மட்டும்தான் தேயும், நாலைந்து இழுப்பில் பிசிறு எழும். அது 2 மி.மீ.க்கு மேல் அகன்றதும் மறுபடி 25இல் தேய்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நீர்க்கல்:
ஜப்பான் உளிக்கு மட்டும் இந்த இரண்டாம் சரிவு வேண்டாம். மெல்லிய கடின எஃகை மென்மையான இரும்பின் மேல் பற்றவைத்த உளி அது. அகலமான ஒரே சரிவைக் கல்லில் முழுசாகப் படியவைத்துத் தீட்டுவதுதான் அதன் முறை. நிலைவாசலிடம் அது இல்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன்.

பின்பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கூர் என்பது இரண்டு முகம் சந்திக்கும் கோடு. பின்பக்கம் குண்டும் குழியுமாக இருந்தால் சரிவை 6000 வரை கொண்டுபோயும் வாய் ரம்பம்தான். முழு நீளமும் தேய்க்க வேண்டியதில்லை, நுனியிலிருந்து 25 மி.மீ. போதும். மார்க்கரால் பூசி, நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே மிச்சமோ அங்கே பள்ளம். வாய் ஓரத்தில் மூலைக்கு மூலை மை போய்விட்டால் பின்னால் கொஞ்சம் பள்ளம் இருந்தாலும் விட்டுவிடலாம். வாய் ஓரமே தொடவில்லை என்றால் பி150இல் தொடங்கி மேலே வாருங்கள். ஒரு உளிக்கு ஒருமுறை செய்யும் வேலை இது.

இழைப்புளி வாய்க்குப் பின்னால் மெல்லிய ஸ்கேல் வைத்துத் தூக்கித் தேய்க்கும் சுருக்குவழி ஒன்று உண்டு. உளிக்கு அதைச் செய்யவே கூடாது. உளியின் பின்பக்கம் துளையின் சுவரில் படிந்து நேராக இறங்க வேண்டும். தூக்கித் தேய்த்தால் உளி சுவரை விட்டு விலகும், துளை குறுகிக்கொண்டே போகும்.

நிலைவாசல்:
எல்லோருக்கும் நன்றி. 400/1000 தகடும் கைடும் வாங்கியாகிவிட்டது, பழைய கல்லின் குழியும் எடுத்தாயிற்று. 18 மி.மீ. நன்றாக வந்திருக்கிறது. இரண்டு சிக்கல். 25 மி.மீ. உளியில் பிசிறு இடது பாதியில் மட்டும் எழுகிறது. 6 மி.மீ. வாய் சாய்வாகப் போகிறது, மூலைமட்டம் வைத்தால் ஒரு மூலை தாழ்ந்து நிற்கிறது. பட்டறையில் அடித்த 12 தீட்டினால் கூராகிறது, வேம்பில் ஐந்தாறு அடி அடித்ததும் வாய் மடங்கிவிடுகிறது.

கூர்முனை:
25 மி.மீ.: வலது பாதி இன்னும் வாய் வரை தேயவில்லை, அவ்வளவுதான். 1000க்குப் போகாதீர்கள், 400லேயே தொடருங்கள். சரிவில் மார்க்கர் பூசுங்கள், வலது ஓரத்தில் வாயை ஒட்டி மெல்லிய மைக்கோடு நிற்கும். வலது விரலில் அழுத்தம் கூட்டி அந்தக் கோடு மறையும் வரை தேயுங்கள். பிசிறைப் பார்க்க விரலைப் பின்பக்கத்தில் வைத்து வாயை நோக்கி வெளியே வழியுங்கள், வாயின் ஓரமாக ஓட்டாதீர்கள், வெட்டிவிடும். நகம் தட்டுகிற மாதிரி மூலைக்கு மூலை தட்ட வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த நம்பர். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் பொறுமை இழக்கிறார்கள், பிறகு கல்லைக் குறை சொல்கிறார்கள்.

6 மி.மீ.: குறுகிய உளி கைடில் உருளும். தாடையின் பள்ளத்தில் பெயின்ட் கட்டியோ வார்ப்புப் பிசிறோ இருந்தால் உளி சாய்ந்து உட்காரும், சின்ன அரத்தால் சுத்தம் செய்யுங்கள். இறுக்கிய பின் பின்பக்கம் கைடின் தளத்துக்கு இணையாக இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தேய்க்கும்போது ஒரே விரல், உளியின் நடுவில்.

எண்ணெய்க்கல்:
6க்கு கைடை விட்டுவிட்டுக் கையிலேயே பிடியுங்கள் தம்பி. மூலைமட்டத்தில் தாழ்ந்த மூலையை விட்டு உயர்ந்த மூலைப் பக்கம் விரலைச் சாய்த்து அழுத்தினால் பத்து இழுப்பில் நேராகிவிடும். அதோடு, துளை அடிக்கும் உளிக்கு 30 டிகிரி போதாது. வேம்பில் கொட்டாப்புளி அடி வாங்கும் 6க்கு 35 வையுங்கள். சீவுவதற்கு வைத்திருக்கும் 25 மி.மீ. உளிக்குத்தான் 30 டிகிரி, தேக்கு மட்டுமே சீவுவதென்றால் 25 டிகிரி கூடத் தாங்கும்.

கொல்லுலை:
12 மி.மீ. பற்றி. மடங்குகிறது என்றால் பதம் (எஃகின் கடினம்) மென்மை, பொரிந்து விழுகிறது என்றால் பதம் அதிகம் அல்லது கோணம் மெல்லிசு. இதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சோதனை: நைஸ் அரத்தின் விளிம்பை உளியின் பக்கவாட்டில், நுனியிலிருந்து மேலே ஒவ்வொரு சென்டிமீட்டராக மெல்ல இழுங்கள். பதமுள்ள இடத்தில் அரம் கண்ணாடி மேல் போவது போல் வழுக்கும். பதமில்லாத இடத்தில் கடிக்கும். பட்டறையில் அடித்த உளியில் முன்பகுதிக்கு மட்டும்தான் பதம் கொடுத்திருப்பார்கள், எவ்வளவு நீளம் உபயோகம் என்றும் இதிலேயே தெரியும். நுனியில் கடித்து, கொஞ்சம் மேலே வழுக்கினால் யாரோ கிரைண்டரில் நுனியைச் சுட்டிருக்கிறார்கள். கடிக்கிற பகுதியைக் கரடு கல்லில் தேய்த்து எடுத்துவிட்டால் நல்ல எஃகு வந்துவிடும். முழுக்கவே கடித்தால் மறுபடி உலைக்குத்தான் போக வேண்டும்: செஞ்சூடு காட்டி எண்ணெயில் தோய்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, வைக்கோல் நிறம் வரும் வரை மெல்லச் சூடுகாட்டச் சொல்லுங்கள்.

அந்த நிறங்களை நினைவில் வையுங்கள். வெளிர் மஞ்சள் 210 டிகிரி செல்சியஸ் சுமார், பழுப்பு 250, ஊதா 280, நீலம் 300. உளிக்கு மஞ்சளோடு நிற்க வேண்டும். நல்ல கடை உளி, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை இருக்கும், நீலம் ஓடிவிட்டால் அந்தப் பதம் திரும்பாது. மெல்லிய நுனியில் நீலம் வர ஓரிரு வினாடி போதும். சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மணையும் கத்தரிக்கோலும் கொடுங்கள், உளியைக் கொடுக்காதீர்கள். உலர்ந்த சக்கரம், தாங்குபலகை கிடையாது, சரிவு உருண்டு வரும், நுனி சுடும்.

பின்னாளில் கிரைண்டர் வாங்கினால் 6 இன்ச், வெள்ளை அலுமினியம் ஆக்சைடு சக்கரம், 60 அல்லது 80ஆம் நம்பர். கூட வரும் சாம்பல் நிறச் சக்கரம் சீக்கிரம் பளபளத்துப்போய் வெட்டுவதற்குப் பதில் சூடேற்றும். டிரஸ்ஸரால் (சக்கரத்தின் முகத்தைச் சுரண்டும் கருவி) அடிக்கடி முகம் திறந்துவிட வேண்டும். கையுறை போடாதீர்கள், சக்கரம் இழுத்துக்கொள்ளும், சூடும் தெரியாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். விரலுக்கு இதமாகச் சுட்டதுமே தண்ணீரில் தோயுங்கள், சுர்ரென்று சத்தம் வரும் அளவுக்கு விட்டுவிட்டுத் தோய்த்தால் நுனியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம்.

தேக்குத்தூள்:
இதோடு ஒன்று சேர்க்கிறேன். புதுக் கடை உளியின் வாய் முதல் சில தீட்டலுக்குப் பொரிவதைப் பார்த்துக் கம்பெனியைத் திட்ட வேண்டாம். தொழிற்சாலையில் பெல்ட்டில் தேய்க்கும்போது நுனி சூடாகியிருக்கலாம். ஒரு மி.மீ. தேய்ந்த பின்னும் பொரிந்தால்தான் எஃகைச் சந்தேகிக்க வேண்டும். துளைக்குள் உளியை நெம்புகோலாகத் திருகிச் சிராய் எடுப்பதும் பொரிய வைக்கும்.

நிலைவாசல்:
12இல் நுனி 3 மி.மீ. அரம் கடிக்கிறது, மேலே வழுக்குகிறது. கரடு கல்லில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். தோலில் எத்தனை முறை இழுப்பது? இழுத்த பிறகு சில சமயம் முன்பைவிட மொண்ணையாகத் தோன்றுகிறது. இன்னொன்று, கடற்கரை ஊர் என்பதால் தீட்டிய மறுநாளே துருப்புள்ளி.

கூர்முனை:
தோல் கனமாக, மெத்தென்று இருக்கிறது என்று அர்த்தம். அழுத்தினால் குழிந்து வாயைச் சுற்றி மேலேறும், கோணம் உருளும். 2 மி.மீ. கனத்துக்குள் கெட்டியான தோல், சொரசொரப்பான பக்கம் மேலே, பலகையில் முழுசாக ஒட்டியது. ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் தடவி, பச்சைக் கட்டியைக் கிரேயான் மாதிரி மெல்லத் தேயுங்கள், திட்டுத்திட்டாக இருக்க வேண்டாம். சரிவுப் பக்கம் பத்துப் பதினைந்து இழுப்பு, இழுக்கும் திசையில் மட்டும். பின்பக்கம் ஐந்து, தோலில் தட்டையாகப் படியவைத்து. கடைசியில் உளியைத் தூக்கும்போது பிடியை உயர்த்தாதீர்கள், வாய் உருளுவது பாதி நேரம் அந்தக் கடைசி அசைவில்தான்.

கூரைச் சோதிக்க முன்கை முடியை மழித்துப் பார்க்க வேண்டாம். பேக்கிங் பெட்டிப் பைன் மரத்தின் குறுக்கு முகத்தைச் சீவுங்கள். மென்மையான மரம்தான் மொண்ணையைக் காட்டிக்கொடுக்கும்: கூராக இருந்தால் முகம் பளபளக்கும், மழுங்கியிருந்தால் வெள்ளையாக நசுங்கும். வாயை விளக்குக்கு நேரே பிடித்தால் மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும், கூரான இடத்தில் எதுவும் தெரியாது.

எண்ணெய்க்கல்:
துருவுக்கு: தண்ணீரில் தீட்டினதும் துணியால் துடைத்துவிட்டு அப்படியே வைப்பதுதான் காரணம். மிஷின் எண்ணெயில் நனைத்த துணி ஒன்றை மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இரண்டு பக்கமும் ஒரு வழி வழித்து வையுங்கள். உப்பங்காற்று ஊரில் தோல் உறையில் செருகி வைக்காதீர்கள், பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து உள்ளேயே துரு பிடிக்க வைக்கும். மரச்சட்டத்தில் துளை போட்டு நிறுத்தினால் போதும். வைரத் தகட்டையும் கழுவி, துடைத்து, நிற்க வைத்துக் காயவிடுங்கள்.